சாவி இன்னும் எவ்வளவு இருக்கிறது?

விலையுயர்ந்த மெக்கானிக்கல் வாட்ச் ஒன்றின் டயலைக் கொஞ்ச நேரம் நிதானமாகப் பாருங்கள். மணி, நிமிடம், விநாடி, தேதி, கிழமை, மாதம், லீப் வருடம், வளர்பிறை, தேய்பிறை. சிலவற்றில் சூரியன் உதிக்கும் நேரம்கூட இருக்கும். இவை எல்லாமே வெளியுலகத்தைப் பற்றிய சேதிகள். பூமி சுற்றுகிறது, நிலா சுற்றுகிறது, மனிதன் நாட்காட்டி போட்டுக் கணக்கு வைத்திருக்கிறான். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு முள் மட்டும் அந்த வாட்சைப் பற்றியே பேசுகிறது. உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கில் சாவி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பவர் ரிசர்வ் முள்தான் அது.

வாட்ச் பிரியர்கள் மத்தியில் இதற்குப் பெரிய மரியாதை கிடையாது. நேரம் காக்கும் பாகத்தையே சுழலவிடும் டூர்பில்லான் என்றால் மணிக்கணக்கில் பேசுவார்கள். மணி அடித்து நேரம் சொல்லும் மினிட் ரிப்பீட்டர் என்றால் குரலே மாறிவிடும். பவர் ரிசர்வ் வந்தால் மட்டும், "அது டயலில் இடத்தை அடைக்கிறது, தினம் ஒரு தடவை சாவி கொடுத்தால் போதாதா" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்டால், ஒரு சிக்கலான வாட்சின் உடல்நிலையை வெளியே இருந்து படிக்க இருக்கும் ஒரே வழி இந்த முள்தான். ஆனால் பெரும்பாலான வாட்சுகளில் அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பலரும் இதைக் காரின் பெட்ரோல் முள்ளோடு ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு எங்கே உடைகிறது என்று பார்த்தாலே விஷயம் பிடிபட்டுவிடும். டேங்கில் கடைசியாக மிஞ்சும் ஒரு லிட்டரும் முதல் லிட்டரைப் போலவேதான் எரியும். வண்டி அதே வேகத்தில் போகும். வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் அப்படியில்லை. முழுச் சாவியில் அது தரும் முறுக்குவிசை அதிகம். அவிழ அவிழ அது குறைகிறது. ஆரம்பத்தில் சட்டென்று ஒரு சரிவு, நடுவில் ஓரளவு சமமாகப் போகும் நீண்ட பகுதி, கடைசியில் மறுபடி செங்குத்தாக ஒரு வீழ்ச்சி. ஆகவே "இன்னும் 10 மணி நேரம் இருக்கிறது" என்று முள் சொன்னால், அந்த 10 மணி நேரம் எந்தத் தரத்தில் ஓடும் என்பதுதான் உண்மையான கேள்வி. ஓடுவதும் சரியாக ஓடுவதும் வேறு வேறு.

இதைக் கண்ணால் பார்க்க டைம்கிராஃபர் என்ற கருவி போதும். சிறிய தாங்கியில் வாட்சை வைத்தால், அதிலுள்ள மைக் டிக் டிக் சத்தத்தைக் கேட்டு, நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை டிகிரி வீசுகிறது என்று திரையில் காட்டும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு வாட்சை முழுச் சாவியோடு, டயல் மேலே பார்க்க வைத்தால் வீச்சு 280 முதல் 310 டிகிரி வரை இருக்கும். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால் 250 பக்கம் வந்திருக்கும். சாவி தீரும் தறுவாயில் 200க்கும் கீழே போய்விடும். என் வாட்சை அப்படி வைத்துப் பார்த்தபோது என்னை ஈர்த்தது அந்த எண்களைவிடத் திரையில் ஓடிய கோடுதான். முழுச் சாவியில் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடிய கோடு, கடைசி மணிகளில் சாய்ந்து, மெல்ல நெளிய ஆரம்பித்தது. டயலில் பவர் ரிசர்வ் முள் அப்போதும் பூஜ்யத்தைத் தொடவில்லை.

வீச்சு குறைந்தால் நேரம் ஏன் தப்ப வேண்டும்? பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே நேரம்தான் ஆக வேண்டும் என்பதுதான் கோட்பாடு. நடைமுறையில் அது முழுதாக நிறைவேறுவதில்லை. ஸ்பிரிங்கின் விசையை அளந்து விடும் எஸ்கேப்மென்ட் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு முறை தடுக்கிறது, ஒரு முறை தள்ளுகிறது. வீச்சு குறையக் குறைய அந்தத் தடையின் பங்கு கூடுகிறது. பேலன்ஸை ஆட வைக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங் விரிந்து சுருங்கும்போது துல்லியமாக நடுவிலேயே நிற்பதில்லை. பேலன்ஸ் சக்கரத்தின் எடை ஒரு பக்கம் இம்மி கூடினாலும், வாட்ச் செங்குத்தாக நிற்கும்போது அது பிழையாகக் கூடுகிறது. அந்த எடைப் பிழைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வீச்சு 220 டிகிரி அருகே இருக்கும்போது அது கிட்டத்தட்ட மறைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் திசை மாறிவிடும். அதாவது முழுச் சாவியில் முந்திக்கொண்டிருந்த நிலையில் அதே வாட்ச் பிந்த ஆரம்பிக்கலாம். ஒரு சில சாவிச் சுற்றுகளின் வித்தியாசத்தில் ஒரு வாட்சின் சுபாவமே மாறுகிறது.

இந்த முள்ளின் பிறப்பிடத்துக்குப் போனால் என் வாதம் இன்னும் தெளிவாகும். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கப் பயன்பட்ட மெரைன் குரோனோமீட்டர்களில் மேல் பகுதியில் ஒரு சின்ன டயல் இருக்கும். இரண்டு நாள் வகைக் குரோனோமீட்டரில் அதில் 0 முதல் 56 வரை எண்கள். முழுச் சாவி கொடுத்தவுடன் முள் பூஜ்யத்தில் நிற்கும். அங்கிருந்து 8, 16, 24 என்று ஏறிக்கொண்டே போகும். கவனியுங்கள், அது மிச்சத்தைக் காட்டவில்லை. கடைசியாகச் சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று காட்டுகிறது. 56 மணி நேரம் ஓடக்கூடிய கருவிக்குத் தினமும் ஒரே நேரத்தில், பெட்டிக்குள்ளேயே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, பின்புறத் துளையில் சாவியை விட்டு ஏழரைத் திருப்பு கொடுப்பார்கள். கொடுத்தாகிவிட்டது என்று கப்பல் தலைவருக்குத் தெரிவிப்பதும் அன்றாடக் கடமை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் முள் 24ஐத் தாண்டவே தாண்டாது. 30இல் நின்றால் யாரோ சாவி கொடுக்க மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீதி 32 மணி நேரமும் மறதிக்கு ஒதுக்கி வைத்த காப்பு. அதை ஓட்டத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் குரோனோமீட்டர்களில் ஃபியூசி இருந்தது. கூம்பு வடிவ உருளையில் சங்கிலி சுற்றி, ஸ்பிரிங் தளரத் தளர நெம்பும் ஆரத்தைக் கூட்டி, முறுக்குவிசையைச் சமன்படுத்தும் ஏற்பாடு. அதை வைத்துக்கொண்டும் அவர்கள் ஸ்பிரிங்கின் ஒரே பகுதியைத்தான் தினமும் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில் 1942 முதல் அமெரிக்கக் கடற்படைக்காகத் தயாரான ஹாமில்டன் மாடல் 21 வரைக்கும் அதே 56 மணி டயல், அதே தினசரிச் சடங்கு. இன்றைய கைக்கடிகாரங்களில் இந்த மரபை அப்படியே வைத்திருப்பதற்காக எஃப். பி. ஜூர்ன் என்ற கடிகாரக் கலைஞரின் குரோனோமெட்ர் சூவ்ரெய்ன் மேல் எனக்குத் தனி மதிப்பு. 56 மணி நேரம் ஓடும் அந்த வாட்சின் முள்ளும் முழுச் சாவியில் பூஜ்யத்தில் தொடங்கி, கழிந்த மணிகளைத்தான் எண்ணுகிறது. முதல் முறை பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கு அதுதான் நேர்.

பையில் வைக்கும் கடிகாரத்தில் இந்த முள் வந்த காரணம் வேறு. கடிகாரக் கலைஞர் ஆப்ரகாம்-லூயி பிரேகே 1780களில் தானே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரங்களைச் செய்தார். உள்ளே ஓர் எடை அசைந்து ஸ்பிரிங்கைச் சுருட்டும். அணிந்திருப்பவர் எவ்வளவு நடந்தார், அது எவ்வளவு ஏற்றியது என்று வெளியே தெரியாது. அதனால்தான் டயலில் ஒரு முள். பிரெஞ்சு அரசி மாரி அன்துவானெத்துக்காக 1783இல் கேட்கப்பட்டு, பிரேகே இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1827இல்தான் முடிந்த 160ஆம் எண் கடிகாரத்திலும் 48 மணி பவர் ரிசர்வ் உண்டு. மாதங்களின் நீளத்தையும் லீப் வருடத்தையும் தானே கணக்கிடும் பெர்பெச்சுவல் காலண்டர், மினிட் ரிப்பீட்டர், வெப்பமானி என்று அந்தக் காலத்தில் தெரிந்த எல்லாவற்றையும் திணித்த அந்தக் கடிகாரத்தில் இந்த முள்ளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே காரணம் 1948இல் திரும்பி வந்தது. ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்கள் பரவிக்கொண்டிருந்த சமயம். கையை ஆட்டினால் சாவி ஏறும் என்பதை ஜனங்கள் முழுதாக நம்பவில்லை. ஜேகர்-லெகூல்த்ர் பவர்மேட்டிக் என்ற மாடலில், 12 மணிக்குக் கீழே ஒரு சிறிய ஜன்னலில் மிச்சத்தைக் காட்டினார்கள். தொடர் உற்பத்தியில் வந்த ஆட்டோமேட்டிக்குகளில் பவர் ரிசர்வ் காட்டிய முதல் கைக்கடிகாரம் என்று அதைச் சொல்வார்கள். 1951இல் அதே கம்பெனி ஃபியூச்சர்மேட்டிக்கைக் கொண்டுவந்தது. அதில் கையால் சாவி கொடுக்க வழியே இல்லை. பக்கவாட்டுத் திருகையே எடுத்துவிட்டு, நேரம் வைக்க மட்டும் பின்புறம் ஒரு தட்டையான திருகு. அப்படிப்பட்ட வாட்சில் பவர் ரிசர்வ் முள் இல்லாவிட்டால் அணிந்திருப்பவருக்கு எதுவுமே தெரியாது.

சரி, வாட்சுக்கு எப்படித் தெரிகிறது? இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

மெயின்ஸ்பிரிங் பேரல் என்ற வட்டமான டப்பாவுக்குள் இருக்கிறது. அதன் உள்முனை நடு அச்சில் மாட்டியிருக்கும், வெளிமுனை டப்பாவின் சுவரில். சாவி கொடுக்கும்போது சுற்றுவது நடு அச்சு. வாட்ச் ஓடும்போது சுற்றுவது டப்பா. இரண்டும் சுற்றுவது ஒரே திசையில்தான். ஆகவே அச்சு எப்போதும் முன்னால் போகிறது, டப்பா பின்னால் துரத்துகிறது. எத்தனை சுற்று முன்னால் இருக்கிறது என்பதுதான் கையிருப்புச் சாவி. சாதாரண வாட்சில் டப்பா ஒரு முறை சுற்ற ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஆறேழு சுற்றுகள் முன்னிலை இருந்தால் கணக்கு இரண்டு நாளுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இதில் சிக்கல் எங்கே என்றால், இரண்டு பக்கமும் எந்த நேரத்திலும் அசையலாம். வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி கொடுக்கிறோம். அச்சின் சுற்றைக் கூட்டி, டப்பாவின் சுற்றைக் கழித்து, விடையை மட்டும் முள்ளுக்கு அனுப்ப வேண்டும். பல்சக்கரங்களால் கழித்தல் போட வேண்டும். அதற்குத்தான் டிஃபரன்ஷியல் கியர். அச்சோடு இணைந்த சக்கரம் ஒரு பக்கம் ஊட்டுகிறது, டப்பாவோடு இணைந்த சக்கரம் எதிர்ப்பக்கம் ஊட்டுகிறது. நடுவில் சுழலும் சின்னச் சக்கரங்களைத் தாங்கும் தட்டு, இரண்டின் வித்தியாசத்துக்கு ஏற்ப நகர்கிறது. ஆறேழு சுற்றுகளாக வரும் அந்த வித்தியாசத்தைப் பல்சக்கரங்களால் சுருக்கி, டயலில் கால் வட்டமோ அரை வட்டமோ ஆக்குகிறார்கள். இன்னொரு வழி திருகு மரை. ஒரு பக்கம் சாவி கொடுக்கும்போது மரை மேலே ஏறும், ஓட ஓடக் கீழே இறங்கும். அதன் கூம்பு வடிவ விளிம்பை ஒரு நெம்புகோல் தடவிக்கொண்டே இருக்கும். கூம்பின் அகலத்தில் உரசினால் ஒரு நிலை, ஒடுக்கத்தில் உரசினால் இன்னொரு நிலை. இடம் குறைவாக இருக்கும் மெல்லிய வாட்சுகளில் எந்த வழி ஒத்துவரும் என்பதுதான் வடிவமைப்பாளரின் தலைவலி. ஜெர்மனியின் லாங்க கம்பெனி தன் 1815 என்ற ஏற்ற-இறக்க மாடலில் இந்தக் கழித்தலை ஒரு கிரகச் சக்கர அமைப்புக்குள் அடக்கிவிட்டது.

ஆட்டோமேட்டிக் வாட்சில் ஒரு கூடுதல் வேலை உண்டு. அதில் ஸ்பிரிங்கின் வெளிமுனை டப்பாவின் சுவரில் நிரந்தரமாக மாட்டியிருக்காது. முழுச் சாவி ஏறியதும் வழுக்கிவிடும். இல்லாவிட்டால் கை அசையும்போது சுழன்று சாவி ஏற்றும் எடையான ரோட்டர் சுற்றிச் சுற்றி ஸ்பிரிங்கையே அறுத்துவிடும். வழுக்கும்போது அச்சு சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் சாவி கூடாது. கழித்தல் போடும் கியருக்கு இது தெரியாது. ஆகவே முள்ளை நோக்கிப் போகும் வழியில் ஓர் உராய்வுப் பிடி வைத்து, முள் உச்சியில் முட்டியதும் அது நழுவும்படி செய்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பிறகும், முள் எண்ணுவது சுற்றுகளைத்தான். விசையை அது அளக்கவில்லை. நான் மேலே சொன்ன பாதி உண்மை இதுதான். ஸ்பிரிங் தளர்ந்துவிட்ட பழைய வாட்சிலும், எண்ணெய் காய்ந்துபோன வாட்சிலும் அந்த முள் அதே கம்பீரத்தோடு "நிறைய இருக்கிறது" என்று சொல்லும்.

விசையையே அளந்து காட்ட முயன்றவர்களும் உண்டு. ரிஷார் மில்லின் ஆர்எம் 002இல் பவர் ரிசர்வ் முள்ளும் உண்டு, தனியாக ஒரு முறுக்குவிசை முள்ளும் உண்டு. அந்த இரண்டாவது முள்ளின் அளவை டெசிநியூட்டன் மில்லிமீட்டரில் குறித்திருக்கிறார்கள். 53க்குக் கீழே போனால் ஸ்பிரிங் தளர்ச்சி, 65க்கு மேலே போனால் அளவுக்கு மீறிய இறுக்கம், இரண்டுமே ஓட்டத்தைக் கெடுக்கும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். அந்தக் கம்பெனியின் பகட்டு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த ஒரு முள்ளை மனதாரப் பாராட்டுவேன். "இத்தனை மணி நேரம் மிச்சம்" என்பதை விட "இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் வைத்துக்கொள்" என்பது எவ்வளவோ பயனுள்ள சேதி.

ஓரிஸ் வேறு வழியில் போனது. 2014இல் வந்த கலிபர் 110 என்ற இயந்திரத்தில் ஒரே பேரல், அதற்குள் 1.8 மீட்டர் நீள ஸ்பிரிங், 10 நாள் ஓட்டம். அதில் முள் சீராக நகராது. முழுச் சாவியில் மிக மெதுவாக ஊர்ந்து, தீரத் தீர வேகம் கூடும். அளவுகோலில் ஆரம்ப நாட்கள் நெருக்கமாகவும் கடைசி நாட்கள் விலகியும் இருக்கும். நமக்கு எங்கே துல்லியம் தேவையோ அங்கே அது விரிந்து காட்டுகிறது. மிகுந்த விலையில் விற்கும் கம்பெனிகள் இதைச் செய்யாமல் ஓரிஸ் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது வழி கொஞ்சம் கடுமையானது: விசை கெடுவதற்கு முன்பே வாட்சை நிறுத்திவிடுவது. ஐடபிள்யூசி 2000இல் கொண்டுவந்த கலிபர் 5000இல் ஸ்பிரிங்குக்கு ஏழு நாளைக்கும் மேல் ஓடத் தெம்பு இருந்தும், ஏழு நாள் முடிந்ததும் ஒரு தடை வந்து நிறுத்திவிடும்படி வைத்தார்கள். தளர்ந்த விசையில் தப்பான நேரம் காட்டிக்கொண்டு நொண்டுவதைவிட நின்றுவிடுவதே மேல் என்ற தீர்மானம். லாங்க 31 இதே தீர்மானத்தை எல்லைவரை கொண்டுபோனது. 2007இல் வந்த அந்த வாட்ச் 31 நாள் ஓடும். இரண்டு பேரல், ஒவ்வொன்றிலும் 1.85 மீட்டர் நீள ஸ்பிரிங். இவ்வளவு பெரிய ஸ்பிரிங்கைத் திருகை விரலால் சுழற்றி ஏற்ற முடியாது. அதனால் பின்புறக் கண்ணாடியில் ஒரு துளை விட்டு, பழங்காலம் போலத் தனிச் சாவியால் ஏற்றுகிறார்கள். முதல் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் விசையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும். அதைச் சமாளிக்க எஸ்கேப்மென்ட்டுக்கு முன்னால் ஒரு ரெமான்ட்வார். பெரிய ஸ்பிரிங் 10 விநாடிக்கு ஒரு முறை ஒரு குட்டி ஸ்பிரிங்கை ஏற்றுகிறது, எஸ்கேப்மென்ட் அந்தக் குட்டி ஸ்பிரிங்கின் சீரான விசையில் மட்டும் ஓடுகிறது. 31 நாள் முடிந்ததும் வாட்ச் நின்றுவிடும், உள்ளே விசை மிச்சம் இருந்தாலும். இங்கே பவர் ரிசர்வ் முள் காட்டும் ஒவ்வொரு நாளும் முதல் நாளின் தரத்திலேயே ஓடும் நாள். முள் சொல்வதும் வாட்ச் செய்வதும் ஒன்றாகப் பொருந்துகிற அரிய இடம் இது.

சிக்கலான வாட்சுகளுக்கு வருகிறேன். வெறும் மணி காட்டும் வாட்ச் நின்றுபோனால் என்ன நஷ்டம்? திருகை இழுத்து நேரம் வைத்து, சாவி கொடுத்து, கையில் கட்டிக்கொண்டு போகலாம். பெர்பெச்சுவல் காலண்டர் நின்றுபோனால் கதை வேறு. தேதி, கிழமை, மாதம், லீப் வருடச் சுழற்சியில் எந்த வருடம், நிலவு எந்தப் பிறை. ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் குண்டூசித் தலை அளவில் ஒரு பொத்தான். சின்னக் குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்திச் சரி செய்ய வேண்டும். இரவு நேரத்தில், தேதி மாறும் நெம்புகோல்கள் ஏற்கெனவே சக்கரத்தோடு கோத்திருக்கும்போது அழுத்தினால் பல் உடைந்துபோகும் அபாயம் பல வாட்சுகளில் உண்டு. 2100ஆம் வருடம் வரை தேதியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி விற்கும் பொருள், ஒரு வாரம் அலமாரியில் மறந்து விட்டால் அந்த வாக்குறுதி காற்றில் போய்விடும். ஆக, பெர்பெச்சுவல் காலண்டரின் உண்மையான அடித்தளம் லீப் வருடச் சுழற்சியைக் கணக்கிடும் 48 மாதச் சக்கரம் மட்டுமில்லை, ஸ்பிரிங்கும்தான். அப்படிப்பட்ட வாட்சில் பவர் ரிசர்வ் முள் இல்லாவிட்டால் அதை நான் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வேன்.

இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது எச். மோசரின் பெர்பெச்சுவல் 1. கையால் சாவி கொடுக்கும், ஏழு நாள் ஓடும் பெர்பெச்சுவல் காலண்டர். அதன் டயலில் எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள். மாதத்தைக் காட்ட நடுவில் ஒரு துளி முள், 12 மணிக் குறிகளையே 12 மாதங்களாக வைத்து. லீப் வருடத்தைப் பின்புறத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் 9 மணி இடத்தில் பவர் ரிசர்வை மட்டும் தைரியமாக முன்னாலேயே விட்டுவைத்தார்கள். நாட்காட்டிக்குப் பிறகு அணிந்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய அடுத்த விஷயம் அதுதான் என்ற தெளிவு.

குரோனோகிராஃப்பிலும் இந்தப் பிரச்சினை உண்டு. ஸ்டாப்வாட்சை ஓடவிட்டால் அதே பேரலிலிருந்து விசை பிரிந்து போகும், பேலன்ஸின் வீச்சு இறங்கும். ஜேகர்-லெகூல்த்ர் 2007இல் கொண்டுவந்த டுவோமெட்ர் இதைச் சுத்தமாகப் பிரித்தது. மணிக்கு ஒரு பேரல், குரோனோகிராஃபுக்கு ஒரு பேரல், இரண்டும் 50 மணி நேரம். திருகை ஒரு பக்கம் சுழற்றினால் ஒன்றுக்குச் சாவி ஏறும், மறுபக்கம் சுழற்றினால் மற்றதற்கு. டயலின் கீழ்ப் பகுதியில் இரண்டு பவர் ரிசர்வ் முட்கள். சாவி கொடுக்கும்போது ஒரு திசைக்கு ஒரு முள் எழுந்திருக்கும், மற்றது அசையாமல் இருக்கும். விரலின் ஒவ்வோர் அசைவும் எங்கே போய்ச் சேர்கிறது என்று அப்பட்டமாகத் தெரியும் வேறு வாட்ச் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கே வைப்பது என்ற சண்டை ஓயாது. கிராண்ட் செய்க்கோவின் ஸ்னோஃப்ளேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பனி படிந்த நிலம் போன்ற வெள்ளை டயல், அதன் கீழ் இடது பக்கத்தில் 72 மணி நேரத்துக்கான விசிறி வடிவப் பவர் ரிசர்வ். அது இல்லாமல் இருந்தால் டயல் இன்னும் அழகாக இருக்கும் என்று வருடக்கணக்கில் ரசிகர்கள் புலம்பினார்கள். பின்னால் வந்த 9ஆர்ஏ2 கலிபரில் முள்ளை இயந்திரத்தின் பின்புறத்துக்கு மாற்றி, கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி செய்தார்கள். ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதம். தினமும் கையில் இருக்கும்போது அது எப்படியும் நிறைந்தே இருக்கும். கழற்றி வைக்கும்போது திருப்பிப் பார்த்தால் போதும்.

கையால் சாவி கொடுக்கும் வாட்சில் மட்டும் முள் முன்னால்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1994இல் வந்த லாங்க 1ஐப் பாருங்கள். மணி டயல் இடது பக்கம் ஒதுங்கியிருக்க, வலது பக்கம் மேலே பெரிய தேதி, அதன் கீழே 72 மணி பவர் ரிசர்வ், அதற்கும் கீழே விநாடி. அந்த முள்ளை எடுத்துவிட்டால் டயல் சாய்ந்துவிடும். சாவி கொடுக்கும்போது அந்த முள் மேலே ஏறுவதைப் பார்க்க வேண்டும். ஒரு திருப்பில் அசைவது தெரியாது. நாலைந்து திருப்புக்குப் பிறகு இடம் மாறியிருப்பது தெரியும். விரலுக்கடியில் கிளிக் கிளிக்கென்று பல் விழும். உச்சியை நெருங்க நெருங்கத் திருகு கனக்கும். முள் உச்சியில் நிற்பதும், விரல் "போதும்" என்று உணர்வதும் ஒரே சமயத்தில் நடக்கும். இந்தச் சின்னச் சந்தோஷத்தைப் பின்புறத்தில் ஒளித்து வைப்பது நியாயமில்லை.

வாஷ்ரான் கான்ஸ்டன்டின் 2019இல் காட்டிய ட்வின் பீட் பெர்பெச்சுவல் காலண்டரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒரே பேரல், ஆனால் இரண்டு பேலன்ஸ் சக்கரங்கள். கையில் இருக்கும்போது 5 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு ஐந்து முழு ஆட்டம், துடிப்பாக ஓடும், நான்கு நாளில் சாவி தீரும். கழற்றி வைக்கும்போது விளிம்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் 1.2 ஹெர்ட்ஸுக்கு மாறிவிடும். அப்போது குறைந்தது 65 நாள் ஓடும், நாட்காட்டி தவறாது. 12 மணி இடத்தில் உள்ள பவர் ரிசர்வில் இரண்டு நிலைக்கும் தனித்தனி அளவுகள். ஒரே கையிருப்பு, செலவழிக்கும் விதத்தைப் பொறுத்து நான்கு நாளாகவும் இரண்டு மாதமாகவும் படிக்கப்படுகிறது. "எத்தனை மணி நேரம் மிச்சம்" என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே இல்லை, "எப்படி ஓட வேண்டும்" என்று சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை டயலிலேயே எழுதி வைத்த வாட்ச் இது.

என் சொந்தப் பழக்கம் எளிமையானது. கையால் சாவி கொடுக்கும் வாட்சுக்கு, மூன்று நாள் தாங்கும் என்று டயல் சொன்னாலும், தினமும் காலையில் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்துவிடுவேன். முள் அளவுகோலின் மேல் பாதியைத் தாண்டிக் கீழே இறங்க விடுவதில்லை. இப்படிச் செய்தால் வாட்ச் தினமும் விசையின் ஒரே பகுதியில் ஓடும். முந்துவதோ பிந்துவதோ எதுவானாலும் தினமும் ஒரே அளவில் இருக்கும். ஒரே அளவில் இருக்கும் பிழையைத் திருத்துவது சுலபம்.

கம்பெனிகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கான கோஸ்க் சோதனை 15 நாள் நடக்கும், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில். ஆனால் தினமும் சாவி கொடுத்துத்தான் அளக்கிறார்கள். அதாவது மூன்று நாள் ஓடும் வாட்சின் மூன்றாம் நாளைப் பற்றி அந்தச் சான்றிதழ் எதுவும் சொல்வதில்லை. 2015இல் தொடங்கிய, சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் சோதனை இதைக் கவனித்தது. அதில் பவர் ரிசர்வ் 100 சதவீதத்தில் இருக்கும்போதும் 33 சதவீதத்தில் இருக்கும்போதும் வாட்சின் ஓட்டம் எவ்வளவு மாறுகிறது என்று தனியாக அளக்கிறார்கள். ஆக, எந்த இடம்வரை ஒரு வாட்சை நம்பலாம் என்பதை அளந்து பார்க்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்கு இடத்தில், பவர் ரிசர்வ் அளவுகோலின் மேல் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு போட்டால் போதும். டயலில் கூடுதல் இடம் வேண்டாம், உள்ளே கூடுதல் சக்கரம் வேண்டாம்.